பறவை வழிகாட்டி ஆக வேண்டுமா? முதலில் ஒரு கண்மாய்

கேள்வி சுருக்கமாக இது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவர், வயது 24, விலங்கியல் பட்டதாரி, இப்போது மருந்துக் கடையில் வேலை. பறவைகளையும் காட்டுயிர்களையும் காட்டும் வழிகாட்டித் தொழிலை நம்பி வாழ முடியுமா, அதற்கு என்ன படிப்பு, என்ன சான்றிதழ், முதுமலைப் பக்கம் போய்விடலாமா என்று கேட்கிறார். "குருவி பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்கிறார் அப்பா" என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

தம்பி, மருந்துக் கடை வேலையை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை மனம் விட்டுச் சொல்ல முடியும். பதினான்கு வருடமாக இந்தப் பக்கம் வெளியூர்க்காரர்களுக்குப் பறவை காட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் நான்கு வருடம் வீட்டுக்கு அரிசி வாங்கித் தந்தது நான் வைத்திருந்த ஜெராக்ஸ் கடைதான். நாரைகள் டீச் செலவுக்குக்கூடத் தரவில்லை.

முதுமலைக்குப் போவதைப் பற்றி. அங்கே காடு இருக்கிறது, யானை இருக்கிறது, வருகிற கூட்டமும் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்டிலேயே பிறந்து, காலடித் தடத்தைப் பார்த்து எத்தனை நாழிகைக்கு முன் போன விலங்கு என்று சொல்கிற பழங்குடியினர் அங்கே இருக்கிறார்கள். வழிகாட்டும் வேலை முதலில் அவர்களுக்குத்தான் போகும், போகவும் வேண்டும். காரைக்குடியிலிருந்து போகிற நீங்கள் பத்து வருடம் அவர்களுக்குப் பின்னால் நடக்க வேண்டியிருக்கும். அனுபவத்துக்காக இரண்டு பருவம் வெளியே வேலை பார்க்கலாம் என்றால் அது வேறு. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும், மத்தியப் பிரதேசத்துப் புலிக் காப்பகங்களை ஒட்டிய விடுதிகளும் இயற்கை வழிகாட்டிகளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கின்றன. விருந்தினரிடம் எப்படிப் பேசுவது, ஜீப்பில் ஆறு பேரின் ஆறு விதமான ஆசையை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் அங்கே நன்றாகப் பழகும். பழகிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

ஏன் திரும்பி வரச் சொல்கிறேன் என்றால், காட்டைத் தேடிப் போகிறவர்கள் விருந்தினரையும் தேடித்தான் ஆக வேண்டும். செட்டிநாட்டுக்கு விருந்தினர் ஏற்கெனவே வந்து இறங்கியிருக்கிறார். கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் காரைக்குடியிலும் உள்ள பழைய வீட்டு விடுதிகளில் இரண்டு மூன்று இரவு தங்குகிறார். வீடுகளைப் பார்க்கிறார், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்க்கிறார், வாழை இலையில் சாப்பிடுகிறார், பழம்பொருள் கடையில் பேரம் பேசுகிறார். எல்லாம் காலை பத்து மணிக்கு மேல். ஆறிலிருந்து ஒன்பது வரை அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. முற்றத்தில் காப்பியோடு உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று மணி நேரம்தான் உங்கள் கடை. வெளிநாட்டவர் அதிகம் வருவது நவம்பர் முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கண்மாய்கள் நிறைந்து பறவைகள் கூடுவதும் அதே மாதங்களில். இந்தத் தொழிலுக்கு நம் ஊரில் இதைவிடப் பெரிய முதல் வேறில்லை.

இனி, வேலையைக் கற்பது. பறவைப் பெயர் ஐந்நூறு தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் வழிகாட்டி ஆகிறவர்கள் குறைவு. நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் முழுவதும், வாரத்துக்கு இரண்டு காலை, அதே கரையில் நடப்பது. புதுப் புது இடமாகப் போகாதீர்கள். அதே கண்மாய். ஒரு நோட்டு. தேதி, நீர் எந்த அளவில் நிற்கிறது, மடை திறந்திருக்கிறதா, எந்தப் பறவை, எத்தனை, என்ன செய்தது.

அப்படி ஒரு வருடம் எழுதினால் என்ன தெரியவரும் என்று சொல்கிறேன். ஐப்பசி மழையில் வரத்துக்கால் ஓடத் தொடங்கும்போது கரையோரப் புல்லில் கொக்குகள் வரிசையாக நிற்கும். வெள்ளம் புற்றுக்குள் புகுந்து பூச்சிகளைக் கிளப்பிவிடுகிறது, அதற்காக. கார்த்திகை, மார்கழியில் கலுங்கு (மிஞ்சிய நீர் வழியும் இடம்) மறுகால் பாயும் அளவுக்கு நிறைந்துவிட்டால், நடந்து மேய்கிற பறவைகளுக்கு நடுவில் வேலை இல்லை. அப்போது கண்மாய் நீந்துகிறவர்களுடையது: முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, புள்ளிமூக்கு வாத்து, நெற்றியில் நாமம் போட்ட நாமக்கோழி. தை மாதம் பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக ஓரத்தில் முழங்கால் ஆழம் கிடைக்கும். உடனே மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் இறங்கிவிடும். மாசி, பங்குனியில் சேறு வெளியே தெரியும்போது உள்ளான்களும் பவளக்காலிகளும். அப்புறம் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா. அது முடிந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், குழம்பிய சேற்றில் மிஞ்சிய குஞ்சு மீனுக்கு எத்தனை வகைப் பறவை நிற்கிறது என்று. ஆனி, ஆடியில் அதே இடம் வெடித்த தரை. ஆடு மேயும். அங்கேயும் வானம்பாடியும் நெட்டைக்காலியும் இருக்கும்.

நீர் மட்டத்தைச் சொன்னால் எந்தப் பறவை நிற்கும் என்று வீட்டிலிருந்தே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டால் நீங்கள் பாதி வழிகாட்டி. ஆனாலும் முந்தின நாள் மாலை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மூன்றாவது வருடத்தில் நான் அதைச் செய்யாமல் விட்டேன். லண்டனிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம், நாளை நூறு நாரையாவது காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டிப் போனேன். அன்று விடியற்காலையில்தான் மீன்பாசிக் குத்தகைக்காரர்கள் வலை இழுக்க இறங்கியிருந்தார்கள். கண்மாய்க்குள் நாற்பது பேர், நாரை ஒன்றுகூட இல்லை. அந்த அம்மாள் நல்லவர், மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் நிற்க முடியாமல் நின்றேன். குத்தகை யாருக்குப் போயிருக்கிறது என்று விசாரித்து அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது அன்றிலிருந்து வந்த பழக்கம்.

நம் பக்கத்துக்கு ஒரு சரணாலயமும் இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில் வேட்டங்குடி. (நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரைச் சொல்கிறேன். இணையத்தில் தேடிவிட்டு வடக்கே இருக்கிற திருப்பத்தூருக்கு வண்டி பிடித்தவரை எனக்குத் தெரியும்.) வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், 38.4 ஹெக்டேர், 1977 முதல் சரணாலயம். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் வக்காக்களும் கூடு கட்டும். மழை பொய்த்த வருடம் கூடு இருக்காது. அதை விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற செய்தியை ஒவ்வொரு ஐப்பசியிலும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். செய்தியாக அதைச் சொல்லிவிட்டுக் கடந்து போகாதீர்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரோடு பழகி வைத்துக்கொண்டு அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்.

பொருள் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. கடைக்காரர் 20x50 என்று எழுதிய பைனாகுலரை எடுத்து நீட்டி, இருபது மடங்கு பெரிதாகத் தெரியும் என்பார். வாங்காதீர்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இருபது மடங்கில் உங்கள் கை நடுக்கமும் இருபது மடங்காகும். பறவை கண்ணுக்குள் கூத்தாடும். 8x42 வாங்குங்கள், விடியற்காலை மங்கல் வெளிச்சத்துக்கும் அது தாங்கும். பத்தாயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிற கண்ணாடியே ஆரம்பத்துக்குப் போதும். முதலில் கையில் பணம் சேர்ந்ததும் விருந்தினருக்கென்று இன்னொன்று வாங்குங்கள். பெரிய கேமரா வாங்கிவிட்டால் நீங்கள் படம் எடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், விருந்தினர் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அது நான்காவது வருடத்துக்கு மேல்.

சான்றிதழ் பற்றிக் கேட்டீர்கள். பறவை வழிகாட்டி என்ற பெயரில் இதைக் காட்டினால்தான் தொழில் செய்யலாம் என்ற தனி உரிமம் எதையும் நான் வாங்கியதில்லை, என்னிடம் யாரும் கேட்டதுமில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் இணையவழியில் நடத்தும் 'இன்கிரெடிபிள் இந்தியா டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர்' சான்றிதழ் இருக்கிறது, விடுதிக்காரர்களிடம் காட்ட உதவும். சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் தொடங்கிய பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழும் பயிற்சிகள் நடந்திருக்கின்றன. பறவையியலில் ஆழம் வேண்டுமென்றால் 1883-இல் தொடங்கப்பட்ட மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் படிப்புகள், கோவை ஆனைக்கட்டியில் உள்ள சலீம் அலி மையம் ஆகியவற்றைப் பாருங்கள். மேற்படிப்பே படிக்க மனம் இருந்தால் மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. இதில் எதுவும் வீண் இல்லை. எதுவும் கண்மாய்க் கரை நோட்டுக்கு ஈடும் இல்லை.

ஆங்கிலம் வேண்டும், ஆனால் பயப்படுகிற அளவுக்கு வேண்டாம். பறவைகளின் ஆங்கிலப் பெயர், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும் சொற்கள் (இடது பக்கப் பனை, மூன்றாவது மட்டை, அதற்குக் கீழே), ஒரு கதையைத் தடங்கலில்லாமல் சொல்லும் பழக்கம். தமிழ்ப் பெயர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்போது சென்னை, பெங்களூருத் தமிழர்கள் குழந்தைகளோடு வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பெயர்கள்தான். தோட்டக்கள்ளனுக்கு ஆறுமணிக்குருவி என்றும் பெயர். அந்தப் பெயரைக் கேட்ட குழந்தை, அது காலையும் மாலையும் ஏறத்தாழ அந்த நேரத்துக்குக் கூவும் என்று தெரிந்துகொண்டால் மாலை ஐந்தரைக்கே வாசலில் வந்து நிற்கும்.

அந்தக் கதை சொல்லும் பழக்கத்துக்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். நத்தை குத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் எந்த வயலிலும் நிற்கும், அழுக்கு வெள்ளை, பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. ஆங்கிலப் பெயரைச் சொல்லி, தலையாட்டிவிட்டு, அடுத்த பறவைக்குப் போய்விடலாம். நான் என்ன செய்வேன் என்றால், கரையில் குனிந்து ஒரு நத்தை ஓட்டை எடுத்து விருந்தினர் கையில் வைப்பேன். எங்காவது உடைந்திருக்கிறதா என்று கேட்பேன். திருப்பித் திருப்பிப் பார்ப்பார், இருக்காது. உள்ளே காலி. பிறகு பைனாகுலரில் அந்த அலகைப் பார்க்கச் சொல்வேன். வாயை மூடிக்கொண்டு நிற்கும்போதும் இரண்டு அலகுக்கும் நடுவில் பாக்குவெட்டி போல ஒரு சந்து தெரியும். மேலலகால் ஓட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழலகின் நுனியை உள்ளே விட்டு, தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, நேரான அலகு. வளர வளரத்தான் வரும். இவ்வளவும் ஐந்து நிமிடம். அவ்வளவு நேரமும் அந்தப் பறவை எங்களுக்காக நிற்கும், ஏனென்றால் அதற்கு நத்தைதான் முக்கியம். அரிய பறவையைத் தேடி வியர்க்க வியர்க்க நடந்தவரைவிட, நத்தை ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான் ஊருக்குப் போய்ப் பத்துப் பேரிடம் நம்மைப் பற்றிச் சொல்கிறார்.

இன்னொன்று செட்டிநாட்டில்தான் கிடைக்கும். பூட்டிக் கிடக்கும் வீடுகள். பங்காளிகள் எட்டுப் பேர், பத்துப் பேர், எல்லாரும் வெளியூரில். கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும்தான் நிலைக்கதவு திறக்கும். அப்படி ஒரு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் இரவில் யாரோ மூச்சு வாங்குகிறார்கள் என்று ஊரில் பேச்சு. அடுத்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் குருவி படித்தவர்தானே, என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். காவலாளியோடு போய்ப் பார்த்தேன். மாடிப் பரணில் ஒரு ஜோடி கூகை. இதயம் வரைந்தது போன்ற வெள்ளை முகம். கீழே ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாட்டின் மேல் கட்டைவிரல் அளவில் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. கூகை எலியை அப்படியே விழுங்கிவிட்டுச் செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி வெளியே கக்கிவிடும். ஓர் உருண்டையைத் தண்ணீரில் ஊற வைத்து, ஊக்கால் பிரித்து, பழைய நாட்காட்டித் தாளில் எலும்புகளை வரிசையாக வைத்துக் காட்டினேன். மூன்று எலி மண்டை, ஒரு மூஞ்சூறு மண்டை. ஆச்சி வெகுநேரம் பார்த்துவிட்டு, "சாக்குருவி வீட்டுக்கு ஆகாது என்பார்கள். இது நம் வீட்டு நெல்லுக்குக் காவல் இருந்திருக்கிறதே" என்றார். அந்த வீட்டுப் பங்காளிகளில் ஒருவரிடம் அனுமதி வாங்கி, வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும், சிறு குழுவாக, உருண்டைகளைக் காட்ட அழைத்துப் போகிறேன். கூகைக்குப் பக்கத்தில் போவதில்லை, விளக்கு அடிப்பதில்லை. அனுமதி இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்காதீர்கள். ஒரு பங்காளி சரி என்று சொல்லி, இன்னொருவர் ஏன் என்று கேட்டால் என்ன பதில் என்பதையும் யோசித்து வையுங்கள்.

பறவைக்குத் தொந்தரவு தராமல் காட்டுவது பற்றி எல்லாரும் பேசுவார்கள். உங்களுக்கு அது பணமாக வந்து நிற்கும். ஒரு சித்திரை மாதம், வெயில் ஏறிய பத்தரை மணிக்கு, வெட்டவெளியில் ஆள்காட்டி முட்டையிட்டிருந்தது. நான்கு முட்டை, சரளைக் கல்லோடு கல்லாக. பெரிய லென்ஸ் வைத்திருந்த விருந்தினர், தாய் வந்து உட்கார்வதை எடுக்க வேண்டும், பத்தடி தூரத்தில் உட்கார்கிறேன் என்றார். ஆள்காட்டி வெயில் நேரத்தில் முட்டை மேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. சில நேரம் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். நாம் பத்தடியில் அரை மணி உட்கார்ந்தால் அது தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும், முட்டை வெந்துவிடும். முடியாது என்றேன். அவர் விடுதியில் புகார் சொன்னார். அந்த விடுதியிலிருந்து எனக்கு மூன்று மாதம் அழைப்பே இல்லை. இதை வீரமாகச் சொல்லவில்லை, அந்த மூன்று மாதம் கஷ்டமாகவே இருந்தது. இப்போது நடை தொடங்கும் முன்பே, கூடு இருந்தால் நிற்க மாட்டோம், பறவைக் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்க மாட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் சொன்னால் விதி, அந்த இடத்தில் சொன்னால் சண்டை.

சட்டத்தையும் படித்துக்கொள்ளுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் சுற்றுலாவுக்கோ படம் எடுக்கவோ போக வனத்துறை அனுமதி வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் போய் முகம் காட்டிப் பழகுங்கள். சரணாலயம் அல்லாத கண்மாய் என்றால் ஊராட்சித் தலைவருக்கும் தண்ணீர் பாய்ச்சுபவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விருந்தினர் கீழே கிடக்கும் மயில் தோகையை எடுத்துப் பெட்டியில் வைப்பார். அதை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் சொல்வார்கள். அதே மயிலைப் பார்த்து அவர் பரவசப்படும்போது, கடலைக் கொல்லையை மயில் கிண்டிவிட்டது என்று வயிறெரிந்து நிற்கும் விவசாயியையும் அவருக்கு அறிமுகப்படுத்துங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த ஊர்.

செல்போன் செயலிகள் உதவும். இ-பேர்டில் நீங்கள் பார்த்த பறவைகளின் பட்டியல்களைத் தவறாமல் பதியுங்கள். ஒரு இடத்தைத் தேடி வரும் பறவை ஆர்வலர், அங்கே யார் தொடர்ந்து பதிகிறார் என்று பார்த்துத்தான் தொடர்புகொள்கிறார். எனக்கு வந்த நல்ல விருந்தினர்களில் பாதிப் பேர் அந்த வழியில் வந்தவர்கள். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் வனத்துறை நடத்தும் கணக்கெடுப்புகளிலும் கலந்துகொள்ளுங்கள், மற்ற ஊர் ஆட்கள் பழக்கமாவார்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை மட்டும் விருந்தினர் முன் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் கரிச்சான், வைரி என்ற வேட்டைப் பறவையைப் போலக் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு அவற்றின் இரையைத் தூக்கிக்கொண்டு போகிற பறவை. மைனாவையே ஏமாற்றுகிறது, போன் எம்மாத்திரம்.

பணக் கணக்கு. என் முதல் நடைக்கு ஒரு விடுதி தந்தது ஐந்நூறு ரூபாய். இன்று ஒரு காலை நடைக்கு, நான்கு பேருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, அதற்குள் எத்தனை பேர் வந்தாலும் குழுவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்குகிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை வாரத்துக்கு மூன்று நான்கு நடை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ, சில மாதம் அதுவும் இல்லை. அந்த ஆறு மாதத்தை எப்படி ஓட்டுவது என்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான பாடம். பள்ளிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், ஆய்வாளர்களுக்குக் களப்பணி செய்கிறேன், கடையை இன்னும் மூடவில்லை. விடுதியோடு பேசும்போது தொகை, ரத்தானால் என்ன, வண்டி யாருடையது என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். விருந்தினர் முதலில் கேட்பது அவர்களிடம்தான். இன்னொன்றை யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன்: கண்மாய்க் கரையில் கழிப்பறை இல்லை. வருகிறவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க் எது என்று தெரிந்துகொண்டு அதற்கு ஏற்ற மாதிரி வழியைப் போடுங்கள். தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு, விரியன் நடமாட்டம் உள்ள இடத்தில் கால் வைக்கும் முறை, பக்கத்தில் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை, இவையெல்லாம் பறவைப் பெயருக்கு முன்னால் தெரிய வேண்டியவை. மருந்துக் கடை அனுபவம் உங்களுக்கு இங்கே கை கொடுக்கும்.

கொஞ்சம் காலூன்றிய பிறகு வட்டத்தைப் பெரிதாக்கலாம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு என்று பாறையில் வாழும் வேட்டைப் பறவைகளும், சமணப் படுக்கையும், பாண்டியர் காலக் குடைவரையும் ஒரே மலையில். பழமையைப் பார்க்க வந்த நம் விருந்தினருக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு நாள் பயணம் இல்லை. கிழக்கே கடற்கரைக்குப் போனால் காரங்காட்டு அலையாத்திக் காடு, தெற்கே தனுஷ்கோடியில் பூநாரை, வடகிழக்கே கோடியக்கரை. இவையெல்லாம் இரவு தங்கும் பயணங்கள். தேவாங்குக்கென்று 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் சரணாலயமும் எட்டும் தூரம்தான். ஆனால் இரவில் தேவாங்கு தேடுவதற்கு அனுமதியும் சிவப்பு விளக்கும் நிறையப் பொறுமையும் வேண்டும். அங்கெல்லாம் உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு அவருக்குப் பங்கு கொடுங்கள். முதுமலைக்குச் சொன்ன நியாயம் நமக்கும் பொருந்தும்.

அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் அப்பாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார், ஆறு வருடம். ஒரு மார்கழிக் காலையில் இரண்டு விருந்தினரில் ஒருவர் வரவில்லை, வண்டியில் இடம் இருந்தது. சும்மா வாருங்கள் என்று அப்பாவை ஏற்றிக்கொண்டேன். கண்மாய்க் கரையில் இறங்கியதும் அவர் பறவையைப் பார்க்கவே இல்லை. கலுங்கைக் காட்டி, எந்த வருடம் இது மறுகால் பாய்ந்தது, எந்த வருடம் கரை உடைந்து ஊரே மண் மூட்டையோடு ஓடியது, சிறுவனாக இருந்தபோது முக்குளிப்பானைப் பிடிக்கப் போய் யார் யார் முழுகித் தண்ணீர் குடித்தார்கள் என்று ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்தேன். அந்த விருந்தினர் பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அப்பாவைத்தான் கேள்வி கேட்டார். போகும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கொடுத்துவிட்டுப் போனார். வண்டியை விட்டு இறங்கும்போது அப்பா, "இதற்கா காசு கொடுக்கிறார்கள்?" என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை அவராகவே கேட்கிறார், நாளைக்கு வண்டியில் இடம் இருக்கிறதா என்று.